கட்டி என்றுதான் சொன்னேன்

சபுரா அக்காவைப் படுக்க வைப்பதற்காகத்தான் நான் அந்த மேசையில் படுத்தேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மாதவிலக்கு தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது. நாற்பத்து மூன்று வயதில், நாள் முழுக்க தையல் மெஷினில் குனிந்திருப்பவளுக்கு வரும் இடுப்பு வலியைத் தவிர வேறு நோய் என்று நான் மாத்திரை தின்றதில்லை.

சபுரா அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. வில்லாபுரத்தில் ஒரே சந்தில் எதிரெதிர் வீடு. இரண்டு பேரும் ஒரே கடைக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறோம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டாலும் இருபது வருடமாக நீ, வா, போ என்றுதான் பேச்சு.

நோன்புப் பெருநாள் முடிந்து பத்து நாள் இருக்கும். நைட்டிக்குப் பொத்தான் காஜா போட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் தரையில் கிடந்த நூல்களைப் பொறுக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்குத் திரும்பவும் வந்துருச்சுடி” என்றாள்.

“எது?”

“அதான். மாசாமாசம் வாரது.”

அவளுக்கு அது நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக விட்டுவிட்டுப் படுகிறது என்றாள். வலி இல்லையாம். “உடம்புச் சூடு. வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கிறேன்” என்று அவளே வைத்தியமும் சொன்னாள்.

எனக்குச் செல்வி சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. நகர்ப்புற சுகாதார நிலையத்திலிருந்து மாதம் ஒரு தடவை எங்கள் சந்துக்கு வரும் நர்ஸ் அவர். சர்க்கரை, பிரஷர் பார்ப்பார். கூடவே, முப்பது வயதைத் தாண்டிய பொம்பளைகள் எல்லோரும் கர்ப்பப்பை வாயைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் நின்று சொல்வார். நாங்கள் ஆளுக்கு ஒரு சாக்கு சொல்லி அனுப்புவோம். நான் ஒருமுறை அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். அடுத்தமுறை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்றேன். அவரிடம் கேட்கவே இல்லை. சபுரா அக்கா சிஸ்டர் வரும் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுவாள். அப்படியும் அவர் விடாமல் வந்தார். ஒருநாள் போகிறபோக்கில், “மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் சும்மா இருக்கக் கூடாதும்மா” என்று சொல்லியிருந்தார்.

அதைச் சொன்னதும் அக்கா பதறிவிட்டாள். “நான் அந்த மேசையில இனிமே படுக்கமாட்டேன். மவுத்தானாலும் சரி.”

ஏன் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பிரசவத்துக்கு அவள் போன இடத்தில், வலியில் கால்களைச் சேர்த்துக்கொண்டதற்காக ஒரு ஆயா தொடையில் அறைந்திருக்கிறாள். “பெத்துக்கத் தெரியுது, விரிக்க வெக்கமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். அது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அக்கா அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

நான் செல்வி சிஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வியாழக்கிழமை காலையில் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள், திரை உண்டு, பர்தாவைக் கழற்ற வேண்டியதில்லை, கூட ஒருவர் நிற்கலாம் என்றார். இத்தனையும் சொல்லி, நானும் வருகிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் அக்கா கிளம்பினாள்.

சோதனை சின்னதுதான். கர்ப்பப்பையின் வாயில் வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தொட்டு வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் நிறம் மாறாது. ஏதாவது சந்தேகம் இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். செல்வி சிஸ்டர் இதைப் படம் வரைந்து காட்டினார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தாள். அவள் கை என் கையில் வியர்த்து வழிந்தது.

“நீ முதல்ல படு. நான் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

சிரித்துக்கொண்டே படுத்தேன். இரும்புக் கருவி சில்லென்று இருந்தது. வலிக்கவில்லை. “பாத்தியாக்கா, ஒண்ணுமே இல்ல” என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். செல்வி சிஸ்டர் திரவத்தைத் தொட்டு வைத்துவிட்டு, என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். மகள் நஸ்ரின் பி.காம் இரண்டாம் வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். “ஒரு நிமிசம் அப்படியே இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

டாக்டர் அம்மாவும் பார்த்தார். வெள்ளையாகத் தெரிந்தாலே கேன்சர் என்று அர்த்தமில்லை, கிருமித் தொற்றிலும் தெரியும், பெரிய ஆஸ்பத்திரியில் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி இருக்கிறது, எழுதித் தருகிறேன் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். திரையை விலக்கியபோது அக்கா நின்ற இடம் காலியாக இருந்தது. வாசலில் அவள் செருப்பும் இல்லை. வெள்ளை என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் காதர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் சீட்டை நீட்டினேன். ஒரு பக்கம் படித்துவிட்டு மறுபக்கமும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

“இது யாருக்குத் தெரியும்?”

“அக்காவுக்கு. சோதனையில ஏதோ வந்துருக்குன்னு மட்டும் தெரியும்.”

“சோழவந்தான்காரங்களுக்குத் தெரியக் கூடாது, ஹமீதா.”

சோழவந்தானில் வெற்றிலை மண்டி வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து நஸ்ரினைக் கேட்டிருந்தார்கள். படிப்பு முடிந்ததும் நிக்காஹ் என்று பேச்சு. தாய்க்குக் கேன்சர் என்றால் மகளுக்கும் வரும் என்று சொல்லாத ஊர் உண்டா? அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. தட்டில் போட்ட சோற்றை அவர் தொடவே இல்லை. ஆனாலும் முதலில் வாயில் வந்தது அதுதான். எனக்கும் அது தவறாகத் தெரியவில்லை. கேட்டால் கர்ப்பப்பைக் கட்டி என்று சொல்லிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் சந்திலேயே நாலு பேருக்குக் கட்டி எடுத்திருக்கிறார்கள். கட்டிக்கு யாரும் பயப்படமாட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் முறைக்காகக் காத்திருந்த பெஞ்சில் யாரும் யாரிடமும் என்ன நோய் என்று கேட்கவில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். திருமங்கலம், சோழவந்தான் என்று காதில் விழுந்தபோதெல்லாம் எனக்கு உயிரே போய் வந்தது. பர்தாவின் முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டேன். கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

உள்ளே டாக்டர் அம்மாவோடு படிக்கிற பிள்ளைகள் ஆறேழு பேர் நின்றார்கள். மூன்று பேர் பையன்கள். என் மகள் வயது இருக்கும். படுத்ததும் என் முழங்கால்கள் தானாக ஒட்டிக்கொண்டன. பிரிக்க நினைத்தேன், முடியவில்லை. திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் அம்மா என் முழங்காலில் கை வைத்தார். “பசங்க கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்கப்பா” என்றார். அவ்வளவுதான். அதற்காக அவருக்கு நான் இன்றும் துவா செய்கிறேன். வேறு விதமாக ஒரு வார்த்தை வந்திருந்தால் நானும் எழுந்து ஓடியிருப்பேன்.

தொலைநோக்கி மாதிரி ஒரு கருவியால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சந்தேகமான இடத்திலிருந்து அரிசியில் பாதி அளவுக்குச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்றார்கள். எறும்பைவிடப் பெரியதுதான், ஆனால் தாங்கலாம்.

தாங்க முடியாதது அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு நாட்கள். முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டும். எப்படிச் சும்மா இருப்பது? ஒரு டஜன் நைட்டிக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தேன். உலையில் அரிசி போட்டோமா என்று இரண்டு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். நஸ்ரின் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, இவள் கல்யாணத்துக்கு இருப்பேனா என்று நினைத்து, அவள் பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பினேன். அவளுக்கும் கட்டி என்றுதான் சொல்லியிருந்தோம். ஆனால் அவள் சீட்டை எப்போதோ போனில் படம் எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படித்திருக்கிறாள். ஆறாம் நாள் மெஷினில் இருந்த என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, “எனக்குத் தெரியும்மா” என்றாள். 

முடிவு வந்தது. “ஆரம்பிச்சிருக்கு. ஆனா ரொம்ப ஆரம்பத்துல இருக்கு” என்றார் டாக்டர் அம்மா. முதல் வார்த்தைக்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வீட்டுக்காரர், “பொழச்சுக்கிருவாளா?” என்று கேட்டது எங்கோ தூரத்தில் யாரோ கேட்ட மாதிரி இருந்தது.

முதலில் கர்ப்பப்பை வாயிலிருந்து கூம்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்து, நோய் எவ்வளவு ஆழம் என்று பார்த்தார்கள். மேலோட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டிய விளிம்பில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றி ரொம்ப யோசிக்கத் தேவைப்படவில்லை. யோசித்ததெல்லாம் உயிரைப் பற்றித்தான்.

ஆபரேஷன் அன்று காலையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பே இல்லாமல் போனது. தலைக்கு மேல் பெரிய விளக்கு. ஓதலாம் என்று வாயைத் திறந்தேன். ஐந்து வயதிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் ஓதுகிற அல்ஹம்து சூரா வரவில்லை. முதல் வரிக்குப் பிறகு வெறும் இருட்டு. ஓத முடியாமல் செத்துப்போவேனோ என்ற பயம் நோய்ப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. “என்னம்மா முணுமுணுக்குறீங்க?” என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். “மறந்துபோச்சு டாக்டர்” என்று அழுதேன். “பரவாயில்ல, தெரிஞ்ச வரியவே திரும்பத் திரும்பச் சொல்லுங்க” என்றார். அப்படியே சொன்னேன்.

வார்டில் எட்டு நாள் இருந்தேன். சிறுநீர்க் குழாயோடு, தும்மினால் தையல் பிரிந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு. பெண்கள் வார்டு என்பதால் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் வீட்டுக்காரரை விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கீழே வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நஸ்ரினுக்குப் பரீட்சை இருந்த ஒருநாள், என் தலை சிக்குப் பிடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் தலைத்துணியைப் பாதி விலக்கி, அடியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தார். பின்னத் தெரியாமல் ரப்பர் பேண்ட் போட்டார். வாழ்க்கையில் அவர் முன்னால் அன்றுதான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

சபுரா அக்கா வரவே இல்லை. அவள் வீட்டுக்காரர், எங்கள் மச்சான், மட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். “அவளுக்கு ஒடம்பு சொகமில்ல” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

எடுத்த கர்ப்பப்பையைச் சோதனைக்கு அனுப்பி, அதன் முடிவு வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. வேறெங்கும் பரவவில்லை, கதிர்வீச்சு தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். முழு சூராவும் அன்றைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி நான் படுக்கையில் கிடந்தபோது அக்கா வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து என் வயிற்றைப் பார்த்தாள்.

“சோதிக்கத்தானடி போனோம். கட்டின்னு சொல்லிக் கர்ப்பப்பையவே எடுத்துட்டாய்ங்க. நல்லவேளை நான் தப்பிச்சேன்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சோழவந்தானிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா அந்த வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அக்காவின் வாய் ஓட்டை வாய். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். “உனக்கு நின்னுருச்சா?” என்று மட்டும் கேட்டேன். “அதெல்லாம் நின்னுபோச்சு” என்றாள். அது பொய் என்று தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். ஒரு வாரம் ஒரு மாதமாக நீண்டது.

அதன்பின் அவள் வரும்போதெல்லாம் அத்தர் வாசனை தூக்கலாக வந்தது. பெருநாளைக்கு மட்டும் ஒரு சொட்டுத் தடவுகிறவள். ஒருநாள் அவள் எழுந்து போன பிறகு, அத்தருக்கு அடியில் வேறொரு வாடை நாற்காலியில் நின்றது. வார்டில், நோய் முற்றியவர்களின் கட்டில் பக்கம் எனக்கு அந்த வாடை பழக்கம்.  தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

“அக்கா, எனக்கு வந்தது கட்டி இல்ல. கேன்சர்.”

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி கையிலேயே நின்றது.

“எனக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வரல. அப்பவே இருந்துச்சு. நீ படுக்கச் சொல்லிப் படுத்தேன் பாரு, அதனாலதான் இன்னைக்கு உன் முன்னாடி நிக்கிறேன். உனக்கு இத்தன மாசமா வருதுக்கா.”

“நீ நல்லாத்தான இருக்க?”

“சீக்கிரம் பாத்ததுனால நல்லாருக்கேன். அதத்தான் சொல்றேன்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஏன்டி அப்பவே சொல்லல?” என்று கேட்டாள். நஸ்ரினின் சம்பந்தம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்து நின்றேன். அவள் புரிந்துகொண்டாள். அவளுக்கும் மூன்று பெண்கள்.

மறுநாளே செல்வி சிஸ்டரிடம் போனோம். இந்த முறை அவள் ஓடவில்லை. மேசையில் படுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரவம் தொட்டு வைக்கவே தேவைப்படவில்லை. பார்த்ததுமே செல்வி சிஸ்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்துவிட்டு இரண்டாம் நிலை என்றார்கள். கர்ப்பப்பையைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குப் போயிருந்தது. அறுத்து எடுத்தால் மட்டும் தீராது, கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்க வேண்டும் என்றார்கள். குணமாக வாய்ப்பிருக்கிறது என்றும் சொன்னார்கள். நான் டாக்டரைத் தனியாகப் பார்த்து, “இடையில போன நாலு மாசத்துலதான் பரவுச்சா?” என்று கேட்டேன். “அத யாராலயும் சொல்ல முடியாதும்மா” என்றார். அந்தப் பதிலோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் நானும் அவளும் பஸ்ஸில் போய்வருகிறோம். அவள் உள்ளே இருக்கிற கால் மணி நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் எட்டு நாள் பாக்கி. அவளுக்கு வயிற்றுப்போக்கு, களைப்பு. சோறு கண்டால் குமட்டுகிறது. ஒருநாள்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வீட்டில் நஸ்ரின்தான் முதலில் சொன்னாள். “எல்லார்கிட்டயும் சொல்லிரும்மா. அதுனால போற சம்பந்தம்னா போகட்டும்.” அவள் அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, “சொல்லு” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்துப் பெண்கள் கூடி ஓதும் வீட்டில், ஓதி முடித்ததும் எழுந்து நின்றேன்.  எனக்கு வந்தது கேன்சர், எந்த இடத்தில், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னேன். அக்காவைப் பற்றி அவள் சொல்லச் சொன்ன அளவுக்கு மட்டும் சொன்னேன். இருபது பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையின் காதைப் பொத்தினாள். சோழவந்தானிலிருந்து புதன்கிழமையே தகவல் வந்துவிட்டது, இப்போதைக்கு வேண்டாமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லி முடித்ததும் அவமானத்தோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ பர்தாவைத் தொட்டார்கள். நாலாவது வீட்டு மருமகள். “வலிக்குமா மாமி?” என்று காதோடு கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதற்குள் இன்னொருத்தி வந்தாள். “ஆம்பள டாக்டரா?” மூன்றாவது ஆள், “வீட்டுல கேக்காம போகலாமா?” என்றாள். ஒவ்வொருத்தியும் முன்னால் இருப்பவள் நகரும்வரை காத்திருந்து, தனியாக வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியாக வந்தவள் சோதனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னைவிடச் சின்னவள்.  “ஒங்களுக்குப் பயமா இல்லையா?” என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் மூன்று மாதச் சோதனை. 

“ரொம்பப் பயமா இருக்கு. நீ வியாழக்கிழம வா. கூட நானும் வாரேன்” என்றேன்.